தலை கழுவிய புண்ணியம்

எங்கள் தெருவில் புண்ணியத்துக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் கரண்டுக்கும் தண்ணீருக்கும்தான். யாங்கோனில் கோடை வந்தால் கரண்டு நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. வந்த உடனே தெரு முழுக்க, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பெருங்கூச்சல் எழும். கூச்சல் அடங்குவதற்குள் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். கீழ் வீட்டுக்காரர்கள் உறிஞ்சியது போக மிச்சம்தான் மேல் வீட்டுக்கு. ஆறாம் மாடிக்கு வரும்போது குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்துவிடும்.

அந்த ஆறாம் மாடியில் ஊ பா தோவும் அவர் மனைவி சோ மியாவும் இருந்தார்கள். அவருக்கு எண்பத்திரண்டு வயது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு எழுபத்தொன்பது. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, இடது பக்கமும் பேச்சும் போய், கட்டிலோடு கிடந்தாள். பிள்ளை குட்டி இல்லை. முதியோர் இல்லத்தில் இடம் தருவதாக ஒரு தடவை ஆள் வந்து சொன்னது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம் என்று கேள்விப்பட்டதும் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐம்பத்தேழு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ படுத்தவங்களைப் பிரிச்சுப் போடுற இடம் எங்களுக்கு வேண்டாம்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவள் ஐந்தாம் மாடி மா டின் மே. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள், மிதி மெஷினில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். மிதி மெஷினுக்குக் கரண்டு வேண்டாம். அதனால் தெருவில் அவள் தொழில் ஒன்றுதான் நிற்காமல் ஓடியது. தண்ணீர் சுமக்க ஆரம்பித்ததும் தர்மம் பார்த்து அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் படியில் தண்ணீர் வழிந்து வந்து, வாசலில் பிரித்து வைத்திருந்த யாரோ ஒருத்தியின் பட்டுத் துணியை நனைத்துவிட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டுமென்று ஆவேசமாக மேலே ஏறினாள். ஊ பா தோ கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழங்கையில் ரத்தம்.

"மன்னிச்சுக்கம்மா. உன் வாசலை நனைச்சுட்டேன்" என்றார்.

"விழுந்து கிடக்கிறப்பவும் மன்னிப்பா? ஒரு குரல் குடுத்தா ஆள் வராதா ஊலே?" என்றாள். பெரியவரை ஊலே என்று அழைப்பதுதான் எங்கள் வழக்கம்.

"குடுக்கலாம். ஆனாடேயா இருக்கு."

இந்த ஆனாடே எங்கள் ஊர் வியாதி. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூச்சம். அடுத்தவர் நமக்குத் தொந்தரவு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம். தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டிவிடுகிறார்கள். மூழ்குகிறவன்கூட, கரையில் நிற்பவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கிற ஊர் இது. டின் மே திட்ட வந்ததை விழுங்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அன்றிலிருந்து வாளி அவள் கையில்தான்.

பக்கத்துப் பௌத்த மடத்துக் கைப்பம்பிலிருந்து ஆறாம் மாடிக்கு நூற்றெட்டுப் படி. கரண்டு இல்லாத நாளெல்லாம் இரண்டு வாளி. ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியை இறக்கி வைத்து, வீடு கட்டினவனையும் படி வைத்தவனையும் கரண்டை நிறுத்தினவனையும் வரிசையாகத் திட்டுவாள். திட்டி முடித்தால் மூச்சு வந்துவிடும்; மறுபடி தூக்குவாள். ஒரு வாளி குடிக்க, சமைக்க. இன்னொன்று சோ மியாவின் உடம்புக்கு.

உடம்புக்கு என்றால் புண்ணுக்கு. மார்ச் மாதம் சோ மியாவின் இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குப் படுக்கைப் புண் விழுந்திருந்தது. கிளினிக் டாக்டரம்மா ஆறு மாடி ஏறி வந்து பார்த்தாள்.

"மூணு வேளை துடைச்சு, உடனே உலர்த்தி, கட்டு மாத்தணும். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடணும். உக்கார வைக்கவே கூடாது. படுக்கை நனையவே கூடாது. இந்த வெயில் காலத்தைத் தாண்டிட்டா மூடிக்கும். தவறிச்சுன்னா எலும்புக்கு இறங்கிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல" என்று கிழவரிடம் சொன்னாள். கிழவர் தலையாட்டினார். கேட்டுக்கொண்டது டின் மேதான்.

அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல் டேப்பை எடுத்துப் போய், புண்ணில் படாமல் மேலாகப் பிடித்து அளந்தாள். ஒன்றரை அங்குலம் ஒன்றேகால் ஆயிற்று, ஒன்றேகால் ஒன்றாயிற்று. ஏப்ரல் இரண்டாம் வாரம் முக்கால் அங்குலம். தன் வாழ்நாளில் எத்தனையோ ரவிக்கை தைத்திருக்கிறாள். எதற்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"மழை விழறதுக்குள்ள மூடிடும் ஊலே. தையல்காரி கண்ணு, தப்பாது."

"நீ அளந்து சொன்னா சரிதான் மகளே" என்று கிழவர் சிரித்தார். சோ மியா தொண்டையில் "ங்... ங்..." என்றாள். புரட்டிப் போடு என்று அர்த்தம். அந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் திஞ்சான் வந்தது.

புது வருஷம் பிறப்பதற்கு முந்தைய நாலு நாளும் ஊரே தண்ணீரை வாரி இறைக்கும் திருவிழா. பதிமூன்றாம் தேதி மத்தியானம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பெரிய சத்தத்தோடு வெடித்துப் புகைந்தது. பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பத்தொன்பதாம் தேதிக்கு முன் கரண்டுக்கு வழியில்லை என்று தெரிந்துபோயிற்று. ஆறாம் மாடிக்கு மேல் தகரக் கூரைதான். மத்தியானம் சுவரைத் தொட்டால் கை சுடும். கிழவர் பனையோலை விசிறியால் இந்தக் கை ஓய்ந்தால் அந்தக் கை என்று மாற்றி மாற்றி விசிறிக்கொண்டே இருந்தார். இரண்டு வாளி எந்த மூலைக்கு? டின் மே நாலு வாளி சுமந்தாள்.

தெருவில் தண்ணீர் இல்லாமல் இல்லை. தெருமுனையில் எங்கள் தர்ம சங்கத்துக்காரர்கள் மேடை போட்டு, லாரி லாரியாகத் தண்ணீர் வரவழைத்து, பம்பு வைத்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பம்புக்கு ஜெனரேட்டர். பாட்டுப் பெட்டிக்கு இன்னொரு ஜெனரேட்டர். போகிற வருகிறவர்கள் தலையெல்லாம் ஈரம், கொண்டையெல்லாம் வேங்கைப் பூ. பதினான்காம் தேதி டின் மே இரண்டு கையிலும் வாளியோடு அந்தப் பக்கமாக வந்தபோது, நாலைந்து பெண்கள் மறித்துக்கொண்டார்கள்.

"மமா, நனையாமப் போகலாமா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்கள்.

"ஏய், கையில தண்ணி இருக்குடி! வழி விடுங்க!"

"தண்ணி இருக்கா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றாள் ஒருத்தி. டின் மேயின் வாளியிலிருந்தே ஒரு கிண்ணம் மொண்டு அவள் தலையிலேயே கவிழ்த்தாள். "பழைய வருஷத்துப் பாவமெல்லாம் போயிடுச்சு மமா!"

திஞ்சானில் தண்ணீர் ஊற்றினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது எழுதாத சட்டம். டின் மே சிரித்தாள். சிரித்துவிட்டு, அரை வாளியாகிப் போன வாளிகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி கைப்பம்புக்கே போனாள்.

பதினைந்தாம் தேதி, மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவள் வலது முழங்கால் "களுக்" என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாளியும் உருண்டு படியெல்லாம் தண்ணீர் ஓடியது. வலியைவிட அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் பன் மாதிரி உப்பிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். அது ஊ தேன் லுவின் என்பவரின் வீடு.

ஊ தேன் லுவின் எங்கள் தெருத் தர்ம சங்கத்தின் தலைவர். கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளை, சாவு வீடு என்றால் பிணம்; எங்கே போனாலும் நடுநாயகமாக அவர்தான் இருக்க வேண்டும். ஆனால் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் எங்களுக்குக் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். மேடையிலிருந்து அப்போதுதான் வந்து, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, வெல்லம் வைத்த அரிசி உருண்டைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கோ" என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தாள். "ஆறாம் மாடிக்குத் தண்ணி வேணும். என் காலு போச்சு. ரெண்டு பேரை விட்டு நாலு வாளி ஏத்தித் தரச் சொல்லுங்க."

"அட, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி நீயே வந்துட்டே! ஆறாம் மாடிக்கு நானே ஆளனுப்பணும்னு இருந்தேன். புது வருஷத்தன்னைக்குப் பெரியவங்களுக்குத் தலை கழுவி நகம் வெட்டுவோம் இல்ல? போன வருஷம் தெருவுல ஏழு பேர் இருந்தாங்க. மூணு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. ரெண்டு பேரைப் பிள்ளைங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப எழுபத்தஞ்சு தாண்டினது உங்க ஆறாம் மாடி மட்டும்தான். சங்கத்துல முப்பது பேரு. முப்பது பேரும் அங்கதான் வர்றோம்!"

"சந்தோஷம் அக்கோ. ஆனா அது பதினேழாம் தேதி. இன்னைக்குப் பதினஞ்சுதானே? இன்னைக்குக் குடிக்கணுமே."

"இன்னைக்கு ஆளுக்கு எங்க போவேன்? எல்லாம் மேடையில நிக்குதுங்க. கையில குழாயைப் பிடிச்சவனை மாடிப்படி ஏறுன்னா ஏறுவானா? ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துக்க. அன்னைக்கு முப்பது வாளி ஏறும். முப்பது! மாடியே மிதக்கும் பாரு."

"மாடி மிதக்க வேண்டாம் அக்கோ. அவங்களை உக்கார வச்சுத் தலை கழுவறதே..."

"மா டின் மே." அவர் உருண்டையைக் கீழே வைத்தார். குரல் அன்பாகத்தான் இருந்தது. "நல்ல காரியத்துக்குக் குறுக்கே பேசாதே. புண்ணியத்தைத் தடுத்தா அந்தப் பாவம் தடுத்தவங்களைத்தான் சேரும். உனக்குத் தெரியாததா?"

அதற்கு மேல் எங்கள் ஊரில் எவளும் வாய் திறக்க மாட்டாள். திஞ்சானில் தேவராஜா தஜாமின் இரண்டு ஏடுகளோடு பூமிக்கு இறங்குவார் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நல்லவர் பெயருக்குத் தங்க ஏடு, பாவி பெயருக்கு நாய்த்தோல் ஏடு. முப்பது பேர் புண்ணியத்தைத் தடுத்தவள் பெயரை அவர் எதில் எழுதுவார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊ தேன் லுவின் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. குடிதண்ணீர் பாட்டில் நாலும், ஒரு கிண்ணம் அரிசி உருண்டையும் கொடுத்தனுப்பினார்.

அந்த இரண்டு நாளும் டின் மே ஐந்தாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு உட்கார்ந்தபடியே ஏறினாள், உட்கார்ந்தபடியே இறங்கினாள். பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, புண்ணைச் சுற்றித் துடைத்தாள். கட்டு மாற்றினாள்.

"உங்களுக்குக் குடிக்க இருக்கா ஊலே?"

"இருக்கு, இருக்கு. நீ காலைப் பாரு மகளே."

"எவ்வளவு இருக்கு?"

"இருக்குன்னா இருக்கு. நாளைக்குத்தான் முப்பது வாளி வருதே."

கிழவரின் உதடு வெடித்திருந்தது. அவர் குடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டி வரும். பெரியவரைப் பொய் சொல்ல வைப்பானேன் என்று விட்டுவிட்டாள். பதினாறாம் தேதி சாயங்காலம் டேப்பை வைத்துப் பார்த்தாள். முக்கால் அங்குலம். வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோதும் புண் பெருகவில்லை, ஈரமில்லை, நாற்றமில்லை. இன்னும் மூன்று நாள் தாண்டினால் கரண்டு வந்துவிடும், பிழைத்துவிடலாம் என்று நம்பினாள்.

பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் படியில் மேளச் சத்தம் கேட்டது. டின் மே சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை, புது லுங்கி, காதில் வேங்கைப் பூ, கையில் ததும்பத் ததும்ப வாளி. ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வாளியும் அவளைத் தாண்டி மேலே போயின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஜனங்களை வீணாகக் கரித்துக் கொட்டிவிட்டோமே, நேரத்துக்கு வந்துவிட்டார்களே என்று நெஞ்சு இளகிப்போனாள். அவர்களுக்குப் பின்னாலேயே அவளும் ஏறினாள். அன்றைக்கு முழங்கால்கூட வலிக்கவில்லை.

"முதல்ல பீப்பாயில ஊத்திடுங்க" என்றாள் உள்ளே நுழைந்ததும்.

"முதல்ல சடங்கு, அப்புறம் பீப்பாய்" என்றார் ஊ தேன் லுவின்.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் பாதிப் பேர் நுழைந்தார்கள். மிச்சப் பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு படியில் நின்றார்கள். சோ மியாவைத் தூக்க நாலு பேர் கட்டிலண்டை போனார்கள்.

"இடுப்புக்குக் கீழ புண்ணு இருக்கு" என்றாள் டின் மே. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பாத்துத் தூக்குறோம் மமா. பயப்படாதீங்க."

பார்த்துத்தான் தூக்கினார்கள். பூவைத் தூக்குவது போலத் தூக்கி, பூவை வைப்பது போல வைத்தார்கள்: கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், நேராக அந்தப் புண்ணின் மேல். ஊ பா தோ, "மெதுவா..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்ததும் கையைக் கூப்பி, "எங்களுக்காக இவ்வளவு சிரமப்படுறீங்களே" என்று முடித்துவிட்டார்.

மரப்பட்டையும் சீயக்காயும் ஊறிய தண்ணீர் மணத்தது. முதல் கிண்ணம் ஊ தேன் லுவின் ஊற்றினார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த முதல் கிண்ணத்துக்கு சோ மியா கண்ணை மூடி, வலது பக்க உதட்டால் சிரித்தாள். எத்தனை நாள் வெக்கை அது! நாலைந்து கிண்ணத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் இவர்களை வாழ்த்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் முப்பது பேருக்கும் புண்ணியம் வேண்டுமே. ஆளுக்கொரு கிண்ணம். கைபேசிப் படம் சரியாக விழாதவர்கள் இரண்டாம் கிண்ணம். வாளியில் மிஞ்சியதையும் ஆளாளுக்கு அவள் காலில் கவிழ்த்தார்கள். தண்ணீர் தலையிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து கட்டுக்கும் ஓடியது. தெறித்ததும் வழிந்ததும் பக்கத்துக் கட்டிலில் போய்த் தேங்கி மெத்தையை ஊறவைத்தது.

அப்புறம் நகம் வெட்டும் படலம். ஊ பா தோ, வருகிறவர்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று முந்தின நாளே தன் நகங்களைத் தானே வெட்டிக்கொண்டுவிட்டார். மிச்சமிருந்தது சோ மியாவின் இருபது நகம். ஆள் முப்பது. எனக்குக் கட்டைவிரல், உனக்குச் சுண்டுவிரல் என்று தகராறு வந்துவிட்டது. சுண்டுவிரல் மட்டும் கிடைத்த ஒரு பெண்ணுக்கு முகம் விழுந்துபோயிற்று. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"சண்டை போடாதீங்க. கட்டைவிரல் நகத்தையெல்லாம் நாலா வெட்டுங்க. எல்லாருக்கும் பங்கு வரும்."

அப்போது சோ மியா, "ங்... ங்..." என்றாள்.

"பாட்டியம்மா சந்தோஷத்துல பேசுறாங்க!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ங்... ங்... ங்..."

டின் மே ஒரு அடி முன்னே வைத்தாள். அவள் வாயைத் திறந்தாள். போதும், இறக்குங்கள் என்று இரண்டே வார்த்தை. அதற்குள் யாரோ ஒரு பெண் கிண்ணத்தை அவள் கையில் திணித்தாள்.

"மமா, நீங்களும் ஊத்துங்க! வருஷம் பூரா வாளி தூக்குறது நீங்க. புண்ணியத்துல உங்களுக்குப் பங்கு வேண்டாமா?"

"ஆமா, ஆமா! மமா ஊத்தட்டும்!"

முப்பது முகமும் அவள் பக்கம் திரும்பின. எல்லாம் நல்ல முகங்கள். ஒன்றில்கூடக் கள்ளம் இல்லை. இத்தனை பேர் இத்தனை அன்பாகக் கொடுத்ததை எப்படித் தட்டுவது? "இங்க பாருங்க மமா, சிரிங்க!" என்றான் கைபேசியைப் பிடித்திருந்தவன். டின் மே கிண்ணத்தைச் சாய்த்தாள்.

மூன்று தடவை, நன்று நன்று என்ற பொருளில், "சாது! சாது! சாது!" என்று முழங்கினார்கள். சோ மியாவை மறுபடி பூப்போலத் தூக்கி, நனைந்த மெத்தையில் கிடத்தினார்கள். பதினொரு மணிக்கு ஏரியில் மீன் விடும் புண்ணியம் இருந்தது. கீழே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு டப்பா மால்ட் பவுடரும், பிஸ்கட்டும் கட்டிலில் வைத்துவிட்டு முப்பது பேரும் இறங்கிப் போனார்கள்.

டின் மே பீப்பாயை எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் சீயக்காய் நுரை மிதந்தது. இருபத்தொன்பது வாளி தண்ணீர் அறைத் தரையிலும் படியிலும் கிடந்தது.

காய்ந்த துணி ஒன்று பாக்கியில்லாமல் எடுத்து டின் மேயும் கிழவரும் சோ மியாவைத் துடைத்தார்கள். கட்டு ஊறிப் பிரிந்து தொங்கியது. உட்கார்ந்த அழுத்தத்தில் மூடிவந்த தோல் கிழிந்து, புண் வாய் திறந்து கிடந்தது. டின் மே டேப்பை எடுக்கவில்லை. மெத்தையை இரண்டு பேராகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள், அடிப்பக்கமும் ஈரம். வேறு மெத்தை இல்லை. டின் மேயின் மெத்தையை ஐந்தாம் மாடியிலிருந்து தூக்கிவர அவளுக்குக் காலில்லை, அவருக்குக் கையில்லை. பாயை விரித்து, அதில் கிடத்தினார்கள்.

"நல்ல பிள்ளைங்க" என்றார் ஊ பா தோ, சுவரைப் பார்த்துக்கொண்டு. "எவ்வளவு தூரம் ஏறி வந்தாங்க, பாவம்."

சாயங்காலமே காய்ச்சல் வந்தது. கிளினிக் பதினெட்டாம் தேதியும் விடுமுறை. பத்தொன்பதாம் தேதி மத்தியானம் தெருவெல்லாம், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூவியது. ஆறாம் மாடியில் ஆறு நாளாகச் சுற்றாத மின்விசிறி சுற்றியது. டாக்டரம்மா வந்து, புண்ணைப் பார்த்து, அதில் நுரைத்த சீழைப் பார்த்து, "யாரு இவங்களைக் குளிப்பாட்டினது?" என்று கேட்டாள். டின் மே கட்டுத் துணியை எடுத்து நீட்டினாள். இருபதாம் தேதி விடியும்போது சோ மியா போய்விட்டாள்.

பிணத்தை இறக்க அதே முப்பது பேர்தான் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? பாடை சுமப்பதும் புண்ணியம்தான். நூற்றெட்டுப் படியையும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் சுமந்து இறக்கினார்கள். ஒருவன் தோள் கன்றிப்போயிற்று.

ஏழாம் நாள் துறவிகளுக்கு அன்னமிட்டு முடிந்ததும், ஊ தேன் லுவின் காகிதம் சுற்றிய ஒரு சட்டத்தோடு ஆறாம் மாடிக்கு வந்தார். அந்த ஏழு நாளும் டின் மே ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் கூர் தீட்டினாள். உங்கள் புண்ணியம்தான் அவளைத் தின்றது; நாலு வாளி கேட்டேன், முப்பது வாளியால் கொன்றீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்றிருந்தாள். நாய்த்தோலில் எழுதினால் எழுதிக்கொள்ளட்டும்.

ஊ தேன் லுவின் காகிதத்தைப் பிரித்தார். "பாருங்க ஊலே, எவ்வளவு களையா இருக்காங்க! தலை கழுவி, நகம் வெட்டி, சுத்தமா, ஊர் கூடி வாழ்த்திப் போய்ச் சேர்ந்தாங்க. யாருக்குக் கிடைக்கும் இந்தக் குடுப்பினை?" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை.

"அக்கோ" என்றாள் டின் மே. "அன்னைக்கு நீங்க எல்லாம் சேர்ந்து..."

"அட, உன்னை மறந்துட்டேனே! உன்னையும்தான் எவ்வளவு அழகா எடுத்திருக்கான் பாரு" என்று சட்டத்தை அவள் பக்கம் திருப்பினார்.

படத்தின் நடுவில் சோ மியா, தலையெல்லாம் நுரை, வாய் கோணித் திறந்திருந்தது. அவளுக்கு மேலே கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு டின் மே. முப்பது பேரும் சிரித்தார்கள்; ஆனால் எல்லோரையும்விட வாய்கொள்ளாமல் சிரித்தவள் அவள்தான். தயார் செய்த பேச்சை இனி எந்த வாயால் சொல்வது? ஊ தேன் லுவின் கிழவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஊ பா தோ படத்தை மடியில் வைத்துத் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இவளைப் படமே எடுக்கலை மகளே. இருக்கிறது இது ஒண்ணுதான். அந்தச் சுவத்துல மாட்டிடு. படுத்துக்கிட்டே பாக்குற மாதிரி இருக்கட்டும்."

"இதையா ஊலே?"

"வேற எது இருக்கு?"

அவள் ஸ்டூலில் ஏறி, வலிக்கிற காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்தாள். முதுகைக் காட்டி நின்றபடியே கேட்டாள். முகம் பார்த்துக் கேட்க அவளால் முடியவில்லை.

"அன்னைக்கு அவங்க புரட்டச் சொல்லிச் சத்தம் குடுத்தாங்களே... உங்களுக்குக் கேட்டுச்சா ஊலே?"

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கேட்டுச்சு" என்றார் ஊ பா தோ. "உனக்கும் கேட்டதைப் பாத்தேன். நீ வாயைத் திறந்தே. சரி, நீ சொல்லிடுவேன்னுதான் நான் சும்மா நின்னேன் மகளே."

அவர் சொல்வார் என்றுதான் அவளும் நின்றிருந்தாள். அவர் மனைவிதானே, அவர் முந்திக்கொள்வார் என்று. இதை அவரிடம் சொல்லவும் இப்போது கூச்சமாக இருந்தது. படத்தை மாட்டி, கோணலைச் சரிசெய்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு இறங்கிப் போனாள்.